பாக்கெட் இல்லாத கவுன்

"அக்கா, அந்த பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு மரமா, இரும்பா?"

சின்னவள் இதைக் கேட்டபோது பெரியவள் கண்ணாடி முன்னால் நின்று, ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். மேல் பட்டனிலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

"எந்த பெஞ்சு?"

"அதான்க்கா. அப்பா என்னை விட்டுட்டுப் போனாரே, அந்த பெஞ்சு."

பெரியவள் திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே தங்கையைப் பார்த்தாள். கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் நோட்டை விரித்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள் சின்னவள்.

"யாரை விட்டுட்டுப் போனாரு?"

"என்னைத்தான்."

"திருப்பிச் சொல்லு."

அக்காவின் குரல் மாறியது சின்னவளுக்குத் தெரிந்தது. ஆனால் எடுத்த வேலையை முடிக்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. துணி ஆல்ட்டர் செய்யும் கடையில் வேலை பார்ப்பவள். பேன்ட்டின் உயரத்தைக் குறைப்பது, ஜாக்கெட்டின் இடுப்பைப் பிரித்து விடுவது, அடுத்தவர் உடம்புக்குத் தைத்ததை இன்னொருவர் உடம்புக்கு ஏற்றபடி திருத்துவது. ஒரு தடவை அளந்து அவள் துணியில் கத்தரி வைத்ததே இல்லை. இரண்டு தடவை அளந்துவிட்டு, கடைக்காரரிடம் "சரியா இருக்கா மாஸ்டர்?" என்று கேட்பாள். அவரும், "உன் சந்தேகத்தைத் தைச்சு முடிக்கிறதுக்குள்ள கஸ்டமர் இன்னும் குண்டாயிடுவாரு" என்று எரிந்து விழுவார்.

அப்பா போன வருடம் இறந்தார். அதற்குப் பிறகு, பொது நூலகத்தின் மாடியில் மாலையில் நடக்கும் நினைவெழுத்து வகுப்பில் அவள் சேர்ந்தாள். வகுப்பு நடத்தும் அம்மையார் முதல் நாளே ஒரு வழிமுறை சொல்லிக்கொடுத்தார். நோட்டின் வலப் பக்கத்தில் நினைவை எழுத வேண்டும். இடப் பக்கத்தைக் காலியாக விட்டு, பிறகு சந்தேகம் வந்தால் அதில் எழுத வேண்டும். மற்றவர்கள் நோட்டில் இடப் பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. சின்னவள் நோட்டில் வலப் பக்கத்தில் நாலு வரி இருந்தால் இடப் பக்கம் நிரம்பி, ஓரத்தில் ஏறி, மூலையில் வளைந்து நின்றது.

அப்படிப்பட்டவள் எழுதியதைத்தான் அம்மையார் தேர்ந்தெடுத்தார். கடைசி வகுப்பன்று குடும்பத்தாரை எல்லாம் வரவழைத்து ஒரு வாசிப்பு. அதில் முதலாவதாகப் படிக்க வேண்டியது சின்னவள். பெஞ்சில் தனியாக விடப்பட்ட குழந்தையைப் பற்றிய கட்டுரை. வீட்டில் எல்லாவற்றிலும் இரண்டாவதாக வந்தே பழகியவளுக்கு, அழைப்பிதழில் முதலாவதாகத் தன் தலைப்பைப் பார்த்தபோது கால் தரையில் பாவவில்லை. அந்தக் கட்டுரையில் இன்னும் பாக்கி இருந்தது ஒரே ஒரு சந்தேகம். பெஞ்சு மரமா, இரும்பா?

"என்னைத்தான்க்கா விட்டுட்டுப் போனாரு" என்றாள் மறுபடியும், குரல் இறங்கி.

பெரியவள் இப்போது திரும்பினாள். ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. நரம்பு கிடைக்காத கையைக் கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாள் என்று பெயர். பேச்சும் அப்படித்தான்.

"அடிப்பாவி" என்றாள், நிதானமாக. "அங்க உக்காந்திருந்தது நான்டி."

"இல்லக்கா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு..."

"உனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? தோள்ல தூங்கி வழிஞ்சுக்கிட்டு போனவளுக்கு? அன்னிக்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. பெட்டியைத் தூக்கிட்டு நம்ம ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுக் கிளம்பினாரு. பஸ் ஸ்டாண்டுல என்னை உக்கார வச்சு, தண்ணி வாங்கிட்டு வர்றேன்னாரு. ஒரு கையில பெட்டி. ஒரு கையால தோள்ல உன்னைப் பிடிச்சிருந்தாரு. எனக்குக் கை மிச்சம் இல்ல. பெட்டியைக்கூட எடுத்துட்டுப் போனாருடி அந்த மனுஷன்."

சின்னவள் நோட்டைப் புரட்டினாள். பக்கம் தெரிந்தும் கண்ணில் படவில்லை.

"அப்போ நான் போட்டிருந்த கவுன் எப்படி எனக்கு ஞாபகம் இருக்கு? நீலக் கட்டம் போட்டது. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு டிக்கெட்டைக் கசக்கிக்கிட்டே இருந்தேன். அந்தப் பேப்பர் நைஞ்சு போனது இன்னும் என் விரல்ல இருக்கு."

பெரியவள் சிரித்தாள். அதைவிட அவள் அறைந்திருக்கலாம்.

"பாக்கெட்டா? அன்னிக்கு அந்தக் கவுனுக்குப் பாக்கெட்டே கிடையாது. எழுந்திருக்கும்போது பெஞ்சு ஆணியில மாட்டி இடுப்புக்கிட்ட டர்ருனு கிழிஞ்சுது. அதை மறைக்கத்தான் அம்மா மேல பாக்கெட் வச்சாங்க. அப்புறம் நான் வளர்ந்தேன், அது உனக்கு வந்துச்சு. என் கவுன் உனக்கு, என் செருப்பு உனக்கு, என் பாடப் புஸ்தகம் உனக்கு. எல்லாத்தையும் ஆல்ட்டர் பண்ணி மாட்டிக்கிட்ட, சரி போகட்டும்னு விட்டேன். இதையுமா அளவு பாத்து மாட்டிக்கிட்ட?"

"பொறாமையில சொல்ற" என்றாள் சின்னவள். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. "என்னை முதல்ல படிக்கச் சொல்லியிருக்காங்கன்னு உனக்குப் பொறுக்கல."

"ஆமாமா. பஸ் ஸ்டாண்டுல அநாதையா உக்காந்திருந்த பெருமை எனக்கு வேணும்னு ஏங்கிக்கிட்டு இருக்கேன்."

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா ரெண்டு பேரும்?"

சின்னவள் நோட்டோடு எழுந்து போய் சமையலறை வாசலில் நின்றாள். "அம்மா, பெஞ்சுல இருந்தது யாரு?"

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த பஸ் ஸ்டாண்ட் இந்த வீட்டில் எப்போதும் அரைகுறையாகத்தான் பேசப்பட்டது. அப்பாவோடு சண்டை வலுக்கும்போது மட்டும் அம்மா அதை எடுத்து ஒரு வீசு வீசுவாள். அவர் வாயை மூடிக்கொள்வார். அதோடு சரி. உட்கார்ந்திருந்தது யார் என்று யாரும் சொன்னதில்லை, சின்னவளும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளை தான்தான் என்பதால் விடப்பட்டதும் தானாகத்தான் இருக்கும் என்று எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டாள். கூட வந்தவர் கடைக்குள் நுழைந்தால்கூட வாசலில் அவளுக்கு வியர்த்துப் போகும். யாராவது வருகிறேன் என்று சொன்னால் சொன்ன நேரத்துக்கு முன்பே போய் நிற்பாள். தன்னைப் பற்றித் தனக்குப் புரியாததற்கெல்லாம் அந்தப் பெஞ்சைத்தான் அவள் காரணமாக எழுதி வைத்திருந்தாள்.

"செத்துப்போன மனுஷனை எதுக்கு இப்ப இழுக்கறீங்க?" என்றாள் அம்மா. "ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதான். எது உக்காந்தா என்ன?"

பெரியவள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கேட்டுக்கிட்டியா? எது உக்காந்தா என்னவாம். எழுதிக்க, இடப் பக்கத்துல." செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் கவுன் எங்கேயும் போகல. இஸ்திரி போடற மேசையில கம்பளிக்குக் கீழ தச்சு வச்சிருக்காங்க. போய்ப் பாரு. பாத்துட்டும் நீ அதைப் படிச்சின்னா நானும் வர்றேன். முன்னாடி வரிசையில உக்காந்து கேக்கறேன்" என்றாள்.

கதவு சாத்தப்பட்டது.

இஸ்திரி மேசையின் மேல் கம்பளி, அதன் கீழே பழைய துணிகளை அடுக்கித் தைத்த மெத்தை. சின்னவள் கடைக்குத் தாமதமாகும் என்பதைக்கூட மறந்து, பிளேடை எடுத்து ஓரத் தையலைப் பிரித்தாள். அப்பாவின் சட்டை ஒன்று, தலையணை உறை ஒன்று, பிறகு நீலக் கட்டம். இத்தனை வருடச் சூட்டில் வெளுத்து, தீய்ந்த வாசனையோடு கவுன் வெளியே வந்தது. பாக்கெட் இருந்தது. அதற்குள் கையை விட்டால் மூன்று விரல்கூடப் போகவில்லை.

டேப்பை எடுத்து தோளிலிருந்து ஓரம் வரை அளந்தாள். மறுபடி அளந்தாள். ஓரத்தில் மடித்து ஏற்றிய பழைய தையலின் ஊசித் துளைகள் இரண்டு வரிசையாக இருந்தன. தனக்காக ஏற்றியிருக்கிறார்கள். அன்றைக்குத் தனக்கு நாலு வயது. ஏற்றாத கவுன் அந்த வயதுக் குழந்தைக்குக் கணுக்காலைத் தொட்டிருக்கும். தினமும் இதே வேலையைச் செய்கிறவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பிறகு பாக்கெட்டின் மூன்று பக்கத்தையும் பிரித்தாள். கீழே இருந்த துணி வெளுக்காமல், வாங்கிய அன்று இருந்த நீலத்தில் பளிச்சென்று இருந்தது. அதன் நடுவில், ஒரு பக்கம் மேலாகவும் ஒரு பக்கம் குறுக்காகவும் போன கிழிசல். வெள்ளை நூலால் அவசர அவசரமாக இழுத்துத் தைத்திருந்தது.

அம்மா பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"நீல நூல் இல்ல அன்னிக்கு வீட்டுல" என்றாள் அம்மா. "நான் போய் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கூட்டிட்டு வந்த உடனே உக்காந்து தைச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை பேசல அவ. கவுனைக் கழட்டிக் குடுத்துட்டுச் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா." கீழே கிடந்த தலையணை உறையை எடுத்து மடித்தபடி, "உங்கப்பா ஒரு வாரம் கழிச்சு உன்னைத் தூக்கிட்டு வந்தாரு. உனக்குக் காய்ச்சல். பாத்துக்க முடியலன்னு வந்தாரு. நானும் கதவைத் திறந்தேன். போதுமா? அந்த மெத்தையைத் தச்சு வச்சுட்டுப் போ" என்றாள்.

சின்னவள் மெத்தையைத் தைத்து வைத்தாள். கவுனை மட்டும் உள்ளே வைக்கவில்லை.

அன்று மாலையே நூலகத்துக்குப் போய் அம்மையாரிடம், கட்டுரையைத் திருப்பித் தரும்படி கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அழைப்பிதழ் போயாச்சு. இப்ப வந்து பெஞ்சுல இருந்தது நான் இல்லைங்கறீங்க."

"நான் இல்லைங்க. எங்கக்கா."

"உள்ளுக்குள்ள அந்தக் குழந்தை நீங்கதான். அதை உணர்ந்து எழுதியிருக்கீங்கல்ல? இங்க யாரும் சாட்சி கேக்கப் போறதில்ல."

"எங்கக்கா கேப்பா."

"அப்ப உங்க அக்காவையே வந்து எழுதச் சொல்லுங்க" என்றார் அம்மையார், முகம் சிவந்து. "உங்களை முதல்ல போட்டதுக்கு மத்தவங்க எல்லாம் என்னை என்ன கேட்டாங்கன்னு தெரியுமா? ஒண்ணு படிங்க. இல்ல, ஒதுங்குங்க. வேற ஆள் இல்லாம இல்ல."

ஒதுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஒதுங்கினால் அக்காவுக்கும் நிம்மதி, அம்மாவுக்கும் நிம்மதி. ஆனால் அப்படி ஒதுங்கிவிட்டால் தனக்கென்று என்ன மிஞ்சும் என்ற கேள்வி அவளை விடவில்லை. அப்பாவைப் பற்றி அவளிடம் இருந்த ஒரே பெரிய நினைவு அது. அதையும் அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால், கை வெறுமையாகத்தானே நிற்க வேண்டும்.

மறுநாள் கடையில் மதிய நேரத்தில், பிரித்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து நோட்டை முதலிலிருந்து படித்தாள். அக்காவுடையதை எல்லாம் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். பாக்கெட்டும் டிக்கெட்டும் வேறு ஏதோ ஒரு பயணத்தில் வந்தவை, அடித்தாள். அழுதது, அக்கா அழுதாளா என்பதே தெரியாது, அடித்தாள். தரையைத் தொடாத கால், அதுவும் போனது.

ஒரு வரியில் பேனா நின்றது. 'பெஞ்சில் இருந்த சிறுமி மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டே போனாள்.' அம்மையார் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் 'அருமை! தன்னையே வெளியிலிருந்து பார்க்கும் உத்தி' என்று எழுதியிருந்தார். அதைப் படித்த நாள் முழுவதும் சின்னவள் மிதந்திருந்தாள். உத்தி என்றால் என்னவென்றே அவளுக்கு அப்போது சரியாகத் தெரியாது. கண்ணில் இருந்ததை எழுதியிருந்தாள், அவ்வளவுதான். உயரத்திலிருந்து, தூரத்திலிருந்து, நீலக் கட்டம் போட்ட ஒரு சிறுமி.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

பக்கங்களை வேகமாகத் திருப்பினாள். இன்னொரு வரி இருந்தது, இடப் பக்கத்தில், பொடி எழுத்தில். 'காதுக்குக் கீழே சொரசொரவென்று ஏதோ. சவரம் செய்யாத தாடை. இது எந்த நாள்? எங்கே சேரும்?' அதற்குப் பக்கத்தில் அதே சிவப்பு மை: 'தொடர்பில்லை. நீக்கவும்.'

மாஸ்டர் வந்து, "பேன்ட் என்னாச்சு?" என்று கேட்டபோது அவள் தன் கன்னத்தைத் தன் உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். "பல் வலியா?" என்றார். "இல்ல மாஸ்டர்" என்றாள். "அப்ப பேன்ட்டை எடு."

வாசிப்பு நாளன்று நூலக மாடியில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அம்மா வரவில்லை. பெரியவள் ஆஸ்பத்திரிக் கோட்டைக் கழற்றாமலே வந்து, சொன்னபடி முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் அதன் மேல் கோத்துக்கொண்டாள். சின்னவளைப் பார்த்த பார்வையில் ஒரு துளி ஈரம் இல்லை.

அம்மையார் கட்டுரையின் தலைப்பைச் சொல்லி அழைத்தார். சின்னவள் எழுந்து போய் நின்று, தட்டச்சு செய்த தாளை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். அம்மையாரின் உதடு இறுகியது.

"பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நான் இல்லை" என்று படித்தாள். "என் அக்கா. அப்போது அவளுக்கு ஏழு வயது. அவள் அங்கே என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அதை நான் எழுதியிருந்தேன். அது என்னுடையது இல்லை, எடுத்துவிட்டேன். நான் அப்பாவின் தோளில் இருந்தேன். என் முகம் பின்பக்கம் பார்த்திருந்தது. நீலக் கட்டம் போட்ட கவுன் சின்னதாகிக்கொண்டே போனது. நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. பிறகு ஒரு பஸ் குறுக்கே வந்தது. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்."

உட்கார்ந்திருந்தவர்களுக்கு முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவர் தட்டலாமா என்று கையைத் தூக்கி, யாரும் தட்டாததைப் பார்த்துத் தொடையில் வைத்துக்கொண்டார். அம்மையார், "அடுத்ததாக..." என்று ஆரம்பித்தார்.

பெரியவள் எழுந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேள்வி எல்லாம் கடைசியில..." என்றார் அம்மையார்.

பெரியவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அவரு திரும்பிப் பாத்தாரா?"

சின்னவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. இத்தனை வருடமாக ஒரே அறையில், ஒரே அலமாரியைப் பங்கு போட்டுக்கொண்டு, எதற்கெடுத்தாலும் சீறி விழுந்த அக்காவின் வாய்க்குள் இருந்தது இந்த ஒரு கேள்விதான். அப்பாவிடம் கேட்கவில்லை. இனி கேட்கவும் முடியாது. பெஞ்சிலிருந்து பார்த்தவளுக்கு அவர் முதுகும், கூட்டமும்தான் தெரிந்திருக்கும். கூட்டத்துக்குள் போன பிறகு என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவள் தோளில் இருந்தவள் ஒருத்திதான்.

பாத்தாரு என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. யாரும் சாட்சி கேட்கப் போவதில்லை.

சின்னவள் தன்னையறியாமல் கன்னத்தில் கை வைத்தாள்.

"இல்லக்கா."

"தூங்கிட்டு இருந்தவதானே நீ? எப்படித் தெரியும்?"

"தூங்கல. என் கன்னம் அவரு தாடையை ஒட்டி இருந்துச்சு. சவரம் பண்ணல அன்னிக்கு. திரும்பியிருந்தா உரசியிருக்கும். உரசவே இல்ல."

பெரியவள் நின்றபடியே இருந்தாள். பிறகு தலையை ஒரு தடவை ஆட்டினாள், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து முடித்ததும் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஆட்டுவாளே, அப்படி. கைப்பையை மாட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே வெளியே போனாள்.

சின்னவள் நோட்டை மூடிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "உங்க பொருள் எதையும் இங்க விட்டுட்டுப் போகாதீங்க" என்று அம்மையார் சொன்னது முதுகில் விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் ஒரு இரும்பு பெஞ்சு. பெரியவள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் வருவதைப் பார்த்ததும் கைப்பையை எடுத்து நடுவில் வைத்தாள். சின்னவள் பைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

இரண்டு பஸ் வந்து போயிற்று. இரண்டுமே வீட்டுக்குப் போகிற பஸ்தான்.

"மரம்" என்றாள் பெரியவள்.

"என்னது?"

"பெஞ்சு. மரம். கேட்டியே." தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பச்சைப் பெயின்ட் அடிச்சது. நான் அழல. எழுதிக்க. அழுதேன்னுதானே எழுதியிருப்ப."

சின்னவள் நோட்டைத் திறந்தாள். வலப் பக்கம் காலியாக இருந்தது. ஆனாலும் பழக்கத்தில் பேனா இடப் பக்கத்துக்குத்தான் போனது. எழுதவில்லை. மூடினாள்.

"அக்கா, நான்..."

"பேசாத."

அடுத்த பஸ் திருப்பத்தில் தலைகாட்டியது. பெரியவள் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கையை நேராகப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் காய்ந்து போயிருந்தது.

"பாத்தாருன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல. ஒரு நோட்டு நிறைய எழுதினவதானே நீ."

பஸ் வந்து நின்றது. அவள் முன் வாசலில் ஏறினாள். சின்னவள் பின் வாசலில் ஏறிக்கொண்டாள். வண்டி நகர்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக முன்பக்கம் தெரிந்த வெள்ளைக் கோட்டையே பார்த்தாள். வீடு வரும்வரை பார்வையை எடுக்கவில்லை.

பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை.